சொல்லுக்கு அஞ்சுவதா?

(படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற திங்களில் ஒரு நாள் மாலை, இந்தப் படிப்பகத்துக்கு உழவர் ஒருவர் வந்தார். கையிலே மருத்துவமனைச் சீட்டு, கண்ணிலே கலக்கம். கிணற்றடியில் வழுக்கி விழுந்த தாயாரை மருத்துவரிடம் காட்டியிருக்கிறார். "கிளாவிக்கிள் பிராக்சர்" என்று கூறித் தோளிலே கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அது என்ன நோயோ, ஆளைக் கொல்லுமோ, காணியை விற்க நேருமோ என்று இரவெல்லாம் உறங்கவில்லை அம்மனிதர். "காறை எலும்பு முறிந்திருக்கிறது, ஐயா, கூடிவிடும்" என்றேன். "காறை எலும்பா? இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே!" என்றார்.

ஆம், சொல்லியிருக்கலாம்! அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கிளாவிக்கிள் என்றதும் நடுங்குகிறோமே, அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன? இலத்தீன் மொழியிலே 'சிறு சாவி', அவ்வளவுதான்! அந்த எலும்பின் வளைவிலே அவன் சாவியைக் கண்டான்; தமிழன், கழுத்திலே பூணும் காறை என்னும் அணியைக் கண்டான். இருவரும் தத்தம் வீட்டிலே புழங்கிய பொருளைத்தான் உடலுக்குப் பெயராக்கினர். ஒன்று அறிவியல், மற்றொன்று பாமரப் பேச்சு என்பது எந்த ஊர் நியாயம்?

மேலும் கேளுங்கள். 'மசில்' என்றால் சுண்டெலி. தோலுக்கடியிலே தசை புரள்வது எலி ஓடுவதுபோல் இருந்ததாம். 'டிபியா' என்னும் கணைக்கால் எலும்பு, ஊதுகுழல். இடுப்பு மூட்டின் குழியாகிய 'அசிட்டாபுலம்', காடி ஊற்றி வைக்கும் கிண்ணம். முதுகெலும்பின் அடியிலுள்ள 'காக்சிக்ஸ்', கிரேக்க மொழியிலே குயில். அதன் அலகைப்போல் வளைந்திருப்பதால் அப்பெயர். அடுக்களையும் தோப்பும் தந்த சொற்கள், தோழர்களே! வானத்திலிருந்து இறங்கிய மந்திரங்கள் அல்ல.

கண்ணின் கருமணிக்குள் எட்டிப் பார்ப்பவருக்குத் தம் உருவமே சிறு பொம்மையாய்த் தெரியும். அதனால் இலத்தீன்காரன் அதைப் 'பியூப்பில்லா', சிறு பாவை என்றான். தமிழனும் பாவை என்றே சொன்னான்! 'நியூரான்' என்பது கிரேக்கத்திலே தசைநாரையும், யாழ் போன்ற கருவியின் தந்தியையும் குறித்தது. தமிழிலே நரம்பு என்பதும் உடலின் நரம்பு, யாழின் நரம்பு இரண்டையும் குறித்தது. கடல் கடந்த இரு மக்கள் ஒரே உடலை ஒரே வியப்போடு பார்த்திருக்கிறார்கள். எவன் உயர்ந்தவன், எவன் தாழ்ந்தவன்?

அந்தச் சொற்களிலே பிழையே இல்லையா என்றால், உண்டு. 'ஆர்ட்டரி' என்ற சொல், காற்றுக் குழாய் என்னும் எண்ணத்தோடு ஒட்டியது. பிணத்தை அறுத்தபோது அக்குழாய்கள் வெறுமையாய்த் தோன்ற, உயிரோடிருக்கும்போதும் அவற்றிலே காற்றுத்தான் ஓடுகிறது என்று முடிவு கட்டினர். உள்ளே இருப்பது குருதி என்று கேலன் மெய்ப்பித்தார். அது உடலெங்கும் சுற்றி வருகிறது என்று 1628இல் ஹார்வி நூல் எழுதினார். பெயர் மட்டும் மாறவில்லை. 'மலேரியா' என்றால் இத்தாலிய மொழியிலே கெட்ட காற்று. 1880இல் லாவரான் அந்நோயின் நுண்ணுயிரைக் கண்டார். 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் அதைக் கொசுவின் வயிற்றிலே கண்டார். காற்று குற்றமற்றது என்று தீர்ப்பாயிற்று. பழி மட்டும் பெயரிலே நின்றுவிட்டது.

காற்றின்மீது பழி விழுந்தால் காற்றுக்கு வலிக்காது. மனிதர்மீது விழுந்தால்? 'ஹிஸ்டீரியா' என்ற சொல் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பெண் அழுதாலும் அரற்றினாலும் மயங்கி வீழ்ந்தாலும் கருப்பைமீது குற்றம் சாட்டினர். அவள் துயரைக் கேட்க ஆளில்லை. பெயர் சூட்ட மட்டும் ஆளிருந்தது!

மேகப்புண் நோயை இத்தாலியர் 'பிரெஞ்சு நோய்' என்றனர். பிரெஞ்சுக்காரர் 'நேப்பிள்ஸ் நோய்' என்றனர். நாம் மட்டும் சளைத்தவர்களா? 'பறங்கிப்புண்' என்றோம்! 1918இல் உலகை வாட்டிய காய்ச்சலுக்கு 'ஸ்பானியக் காய்ச்சல்' என்று பெயர். அது அங்கே பிறந்ததற்குச் சான்றில்லை. போரிலே சேராத ஸ்பெயினின் ஏடுகள் உண்மையை மறைக்காமல் அச்சிட்டன. அதற்குக் கிடைத்த பரிசு அந்தப் பெயர். ஊர், மக்கள், விலங்கு இவற்றின் பெயரைப் புதிய நோய்களுக்குச் சூட்டலாகாது என்று உலக நல நிறுவனம் 2015இல் நெறி வகுத்தது; 2022இல் குரங்கம்மையின் ஆங்கிலப் பெயரை 'எம்பாக்ஸ்' என மாற்றியது. பெயர் சூட்டியவன் மனிதன். ஆகவே மாற்றவும் மனிதனால் முடியும்.

இலத்தீனை எறிந்துவிடு என்று நான் கூறவில்லை. சென்னை மருத்துவரும் டோக்கியோ மருத்துவரும் ஒருவரையொருவர் அறிய அது பொதுவழி, இருக்கட்டும். ஆனால் மருத்துவர் நோயாளியோடு பேச வேண்டிய மொழி நோயாளியின் மொழி. தமிழிலே இயலாது என்பாருக்கு மானிப்பாய் விடை கூறும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன், தமிழ் கற்று, தமிழிலேயே மருத்துவம் பயிற்றுவித்தார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூலைத் தமிழிலே தந்தார். அயலாருக்கு இயன்றது நமக்கு இயலாதா?

நாளை நீங்கள் மருத்துவமனை செல்லும்போது, விளங்காத சொல்லுக்குத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். "ஐயா, இதற்குப் பொருள் என்ன?" என்று பணிவோடு, ஆனால் துணிவோடு கேளுங்கள். எழுத்தறியாத முதியவர் சீட்டோடு இங்கே வந்தால், அகராதியை எடுத்து அமர்ந்து, பொருளைச் சொல்லி அனுப்புங்கள். முறிந்த எலும்பைக் கூட்ட நம்மால் இயலாது. முறிந்த நெஞ்சைத் தேற்ற இயலும்.