விதையின் உறக்கம்

அனல்மின் நிலையத்தால் இன்று நாடறிந்த ஊராகிய நுரைச்சோலை, புத்தளக் கரையோரத்து மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் விளையும் ஊருமாகும். அங்கே உழவன் விதையிட்டு நீர் வார்த்துச் சில நாட்களில் முளையை எதிர்பார்க்கிறான். விதைத்தவை யாவும் ஒருங்கே முளைப்பது இயற்கையின் வழக்கமென நேயர்கள் கருதலாம். அது மனிதன் கைபட்ட பயிரின் வழக்கமேயாம்.

காட்டுப் பயறுகளின் தடித்த தோல் நீரை உட்புக விடாது. ஆதலின் சில விதைகள் இவ்வாண்டு முளைக்கும்; சில அடுத்தடுத்த மழைகளுக்காக மண்ணில் உறங்கிக் கிடக்கும். ஒரு பருவம் பொய்த்தாலும் இனம் அழியாமற் காப்பது இவ்வுறக்கமே. உழவனுக்கோ அது பேரிடையூறு.

இவ்வுறக்கம் எங்ஙனம் கலைந்தது? விடை தந்தது கொள்ளு. தென்னிந்தியாவின் பழங்குடியிருப்புகளில் நெருப்பிற்பட்டுக் கரிந்த கொள்ளு மணிகள் மக்காமற் கிடைத்துள்ளன. அவற்றின் தோலோ மயிரிழையினும் மெல்லியது. வெட்டி அளக்க முயன்றால் மணி சிதையும்.

எனவே இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ச்சியாளர் சார்லின் மர்பி, டோரியன் புல்லர் ஆகியோர் இங்கிலாந்தின் டயமண்ட் ஒளிமூல நிலையத்தை நாடினர். அங்கே 562 மீற்றர் சுற்றளவுள்ள வளையத்தில் இலத்திரன்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்திற் சுழல்கின்றன. அவற்றினின்று செறிவுமிக்க எக்ஸ் கதிர்கள் எழுகின்றன. அக்கதிர்முன் மணியைச் சிறிது சிறிதாகத் திருப்பி எடுத்த படங்களைக் கணினி இணைத்து முழுவுருவாக்குகிறது. மணிக்கு ஊறின்றித் தோலை அளக்க முடிகிறது.

முடிவு 2017இல் வெளியாயிற்று. கி.மு. 2000க்கும் கி.மு. 1200க்கும் இடையில் தடித்த தோல் இடைத்தரமாகிப் பின்னர் மெலிந்தது. உறக்கம் குறைந்த விதைகளைத் தெரிந்தெடுத்தே பயறுகள் பயிராக்கப்பட்டன என்பது முந்தைய கருத்து. கொள்ளின் தோல் அதனை மறுத்தது. மாற்றம் ஒருவரின் தெரிவினால் திடீரென நிகழவில்லை. சுமார் 800 ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக விதைத்தும் அறுத்தும் வந்த உழைப்பினூடே படிப்படியாக நிகழ்ந்தது.

இம்மாற்றத்தால் உழவன் பெற்றது சீரான விளைச்சல். விதை இழந்தது தன் காவல். எல்லாம் ஒருங்கே முளைத்தபின் மழை பொய்த்தால், மண்ணிலிருந்து மீண்டெழ எதுவும் எஞ்சாது. அன்றுமுதல் மண்ணின் வேலையை வீட்டு விதைப்பானை ஏற்றது. பஞ்சத்திலும் விதைத் தானியத்திற் கைவையாத உழவனே பயிரின் இனத்தைக் காத்தவன்.