வாய்ச்சொல்லால் கொடுத்த நிலத்துக்கு ஏது பத்திரம்?

(நாசரேத் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

2024 ஆகஸ்ட் 8 அன்று வக்ஃபு திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தில் வைத்தபோது மத்திய ஆட்சியாளர்கள் சொன்னது என்ன? வெளிப்படையான நிர்வாகம், ஏழை முஸ்லிம்களின் நலன், பெண்களின் உரிமை! நம் மீது இவ்வளவு பாசமா என்று திகைத்துப் போனோம். 2025 ஏப்ரல் 3-ல் ஊர் உறங்கும் நேரத்தில் மக்களவையில் 288-க்கு 232 என்றும், மறுநாள் அதே அகால வேளையில் மாநிலங்களவையில் 128-க்கு 95 என்றும் நிறைவேற்றினார்கள். வேண்டாம் என்று மார்ச் 27-ல் தமிழகச் சட்டமன்றம் போட்ட தீர்மானம் காற்றோடு போயிற்று.

எல்லாப் பிரிவுகளையும் பேச விடிந்துவிடும். ஒன்றை மட்டும் எடுத்துக் கொள்கிறேன்: பயன்பாட்டினால் ஏற்பட்ட வக்ஃபு.

இந்தக் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். முத்தும் குதிரையும் வியாபாரம் நடந்த காலத்திலிருந்து நாம் வாழும் கரை இது. அன்று ஒரு பெரியவர் தன் தோப்பில் ஓர் இடத்தைக் காட்டி, "இங்கே தொழுங்கள், அங்கே அடக்குங்கள்" என்று சொல்லியிருப்பார். அதுதான் பத்திரம். சார்பதிவாளர் அலுவலகம் ஏது? இப்படி வந்த சொத்தையும் 1995 சட்டம் வக்ஃபு என்று ஏற்றது. புதிய சட்டம் அந்த வாசகத்தையே எடுத்துவிட்டது. ஏற்கெனவே பதிவானவை தப்பும் என்கிறார்கள். ஆனால் தகராறு இருந்தாலோ, அரசு நிலம் என்றாலோ தப்பாது! உங்கள் ஊர் மையவாடி அடங்கலில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது? புறம்போக்கு என்றிருந்தால் என்ன கதி? சிந்தித்துப் பாருங்கள்.

வக்ஃபு செய்கிறவன் ஐந்தாண்டு இஸ்லாத்தைக் கடைப்பிடித்திருக்க வேண்டுமாம். சான்றிதழ் கொடுப்பது யார், வி.ஏ.ஓ.வா? 2025 செப்டம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் இதை நிறுத்தி வைத்தது. அரசு நிலமா என்று அரசு அதிகாரியே முடிவு செய்யும் பிரிவுக்கும் இடைக்காலத் தடை விதித்தது. முஸ்லிமல்லாத உறுப்பினர்கள் மத்திய கவுன்சிலில் நான்கு, மாநில வாரியத்தில் மூன்று பேருக்கு மேல் கூடாது என்றது. தமிழ்நாட்டு அறநிலையத் துறையின் 1959 சட்டப்படி ஆணையர் இந்துவாகத்தான் இருக்க வேண்டும். அது நியாயம். அந்த நியாயம் நமக்கு மட்டும் ஏன் நான்கு, மூன்று என்று பேரம் பேசப்படுகிறது?

ஆனால் நான் சொன்ன அந்தப் பிரிவுக்குத் தடை கிடைக்கவில்லை. 1923-லிருந்தே பதிவு செய்யச் சட்டம் சொல்கிறதே, ஏன் செய்யவில்லை என்று நீதிமன்றம் கேட்டது. கசக்கிறது. முத்தவல்லிகள் பதில் சொல்லட்டும்.

வியாபாரிகளே, உங்களுக்கும் ஒன்று. வக்ஃபு நிலத்தை எத்தனை வருடம் ஆக்கிரமித்தாலும் மீட்கலாம் என்றிருந்த பாதுகாப்பு போய்விட்டது. இனி காலவரம்புச் சட்டம் பொருந்தும். பன்னிரண்டு வருடம் தூங்கினால் அனுபவ பாத்தியதை பேசுவார்கள். பேசுகிறவன் வெளியாள் மட்டும்தானா? பள்ளிவாசல் கடையில் பாட்டனார் காலத்து வாடகையில் உட்கார்ந்திருப்பவர் நம்மில் இல்லையா? (சிலர் சிரிக்கிறீர்கள். சிரிக்காதவர்களைத்தான் கேட்கிறேன்.)

தேவாலயமும் பள்ளிக்கூடமும் வளர்த்த ஊர் இந்த நாசரேத். நம் மசோதா நிறைவேறிய அதே நாட்களில், ஆர்.எஸ்.எஸ். சார்பு ஆர்கனைசர் ஏட்டின் இணையப் பக்கத்தில் கத்தோலிக்கத் திருச்சபையின் நிலம் எவ்வளவு என்று கட்டுரை வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் நீக்கினார்கள். கிறிஸ்தவச் சகோதரர்கள் கவனித்திருப்பார்கள்.

உமீத் இணையதளத்தில் ஏற்ற ஆறு மாதம் கொடுத்தார்கள். அதை நீட்டிக்க உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பர் 1-ல் மறுத்து, தீர்ப்பாயத்துக்குப் போகச் சொன்னது. அங்கே போக ஆதாரம் வேண்டும். தீர்வை ரசீது, மின் கட்டண அட்டை, பழைய கணக்கு நோட்டு, எதையும் எறியாதீர்கள். இளைஞர்களே, இந்த வாரமே மையவாடிக்குப் போங்கள். கபர் தோண்டுகிற பெரியவருக்கு நாலு எல்லையும் மனப்பாடமாகத் தெரியும். அவர் சொல்வதை எழுதி, அவரிடமும் பக்கத்து நிலத்துக்காரரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அவருக்கு வயதாகிவிட்டது.