ஊசி முனையில் ஒரு உலகப்படம்



1969இல் வியட்நாமின் டானாங் நகரில் பிறந்தவர் ரிஃபனி சுங். வரைபடம், காணொளி, அரங்க நிகழ்வு என்று பல துறைகளில் இயங்குபவர். என்றாலும் எங்களைக் கட்டிப்போட்டது அவருடைய தையல் வேலைதான். போருக்குப் பின் படகேறியோர் போன கடல்வழிகளும், அகதி முகாம்களிலிருந்து புறப்பட்ட வான்வழிகளும் துணியில் நூலாக ஓடுகின்றன. தகப்பனார் தென் வியட்நாம் படையின் ஹெலிகொப்டர் விமானி, 1971இல் சிறைப்பட்டவர்.

வாஷிங்டன் நினைவுச் சுவரில் அந்தப் போரில் மாண்ட 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பெயர்கள் உள்ளன. அகதிகளுக்கு அங்கே ஒரு வரியும் இல்லை. 2023இல் சுவருக்கு அருகே, புல்தரையில் பெரிய உலகப்படம் அமைத்து, தென்கிழக்காசியர் இடம்பெயர்ந்த பாதைகளை அதில் காட்டினார் ரிஃபனி. சுவரோடு சண்டை பிடிக்கவில்லை; பக்கத்தில் இடம் எடுத்தார்.

மண்டப வாசலில் வெள்ளைத் துணியொன்று விரித்திருக்கிறோம். ரொறன்ரோவோ, லண்டனோ, சிட்னியோ, போன வழிக்கு ஒரு நூல் ஓட்டிவிட்டுப் போங்கள்.