இயந்திரம் நம்மவரை அறியுமா?

(மாத்தளையில் ஆற்றிய சொற்பொழிவு)



புற்றுநோய்க்கு அறுவையா, மருந்தா, கதிர் சிகிச்சையா என மருத்துவருக்கு யோசனை கூறும் செயற்கை நுண்ணறிவு பிறந்துவிட்டது. வரவேற்போம்! ஆனால், யாரைப் படித்து அது அறிவு பெற்றது என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

நியூயோர்க் வல்லுநர்கள் பயிற்றுவித்த 'வாட்சன்' என்னும் இயந்திரம் பெங்களூர் மணிப்பால் மருத்துவமனையில் சோதிக்கப்பட்டது. 638 மார்புப் புற்றுநோயாளருள் நூற்றுக்கு 93 பேரளவில் அதன் யோசனை மருத்துவர் குழுவின் முடிவோடு ஒத்ததென 2018இல் ஆய்வறிக்கை வந்தது. அதே ஆண்டில், அவ்வியந்திரம் சிலபோது ஆபத்தான யோசனை கூறியதென்றும், மெய்யான நோயாளரை விடுத்துக் கற்பனை நோயாளரைக் கொண்டு பயிற்றப்பட்டதென்றும் செய்திகள் வெளியாயின.

நம் மாவட்டத்தைப் பாருங்கள். றத்தோட்டை, எல்கடுவைத் தோட்டங்களில் வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்வோர் எத்தனை பேர்! பாக்கே புற்றுநோய் விளைப்பதெனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிவித்தது. இலங்கை ஆடவரிடையே வாய்ப்புற்றே முதலிடம் வகிக்கிறது. இம்மக்களின் நோய் வரலாறு ஏட்டில் ஏறாவிட்டால், எந்த இயந்திரம் நம்மை அறியும்?

ஆகவே கேட்கிறோம்: தோட்டந்தோறும் வாய்ப் பரிசோதனை நடைபெறட்டும்! நோயாளியின் குறிப்பு தமிழில் கேட்டறிந்து பிழையின்றிப் பதியப்படட்டும்! இயந்திரம் யோசனை கூறட்டும். கத்தியை எடுக்கும் முடிவுக்கு மருத்துவரே பொறுப்பேற்கட்டும்!

நமக்கும் கடமையுண்டு. வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். ஏட்டில் இல்லாதவன் எவர் கணக்கிலும் இல்லாதவன்!