முகம் பார்க்காத நண்பர்களும் ஒரு தார்ப்பாய்க் கணக்கும்

(தன்னார்வலர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உங்க கைபேசியில எத்தனை வாட்ஸ்அப் குழு இருக்குன்னு நான் கேட்கப் போறதில்லை. அதில் ஒன்றாவது, நேரில் பார்க்காத மனிதர்களோடு சேர்ந்த குழுவாக இருக்கும். எனக்கு அப்படி ஒரு மாடித்தோட்டக் குழு. விதை மாற்றிக்கொள்ளத்தான் சேர்ந்தோம். செடியில் மாவுப்பூச்சி வந்தால் படம் எடுத்துப் போடுவோம். யாராவது ஒருத்தர் வேப்பெண்ணெய்க் கரைசலுக்கு அளவு சொல்லுவார். எங்க நட்பு அவ்வளவுதான்.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் குழுவில் டெல்டா மாவட்டத்துக்காரர்கள் நாலைந்து பேர் உண்டு. இரண்டு நாள் அவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் நாள் பட்டுக்கோட்டை பக்கத்துத் தங்கை ஒருவர் படம் போட்டார். தோப்பு முழுக்கத் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது. கீழே "எல்லாம் போச்சுண்ணா" என்று ஒரே வரி.

அன்று இரவே பணம் சேர்க்க ஆரம்பித்துவிட்டோம். "என் கணக்குக்கு அனுப்புங்க, நான் நேர்ல போய்ப் பாத்துக்கறேன்" என்றார் திருச்சி நண்பர் ஒருவர். அவரை எங்களில் யாரும் பார்த்தது கிடையாது. மூன்றே நாளில் 86,000 ரூபாய் சேர்ந்தது.

நாங்கள் பழைய துணியும் மூட்டை கட்ட ஆரம்பித்தோம். நல்லவேளை, அந்தத் தங்கை தடுத்துவிட்டார். "துணி வேண்டாம்ணா, ரோட்டோரமா குவிஞ்சு கிடக்கு. மெயின் ரோட்டு ஊருக்குத்தான் வண்டி வருது, உள்ளே யாரும் வரல. கூரை போயிடுச்சு, தார்ப்பாய் வேணும். கரண்ட் இல்ல, தொட்டிக்குத் தண்ணி ஏத்த ஒரு ஜெனரேட்டர் வேணும்." நிவாரணம் என்றாலே பழைய துணி என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ! வேண்டியது என்ன என்று அந்த ஊரில் இருப்பவரைக் கேட்க ஒரு நிமிஷம் போதும்.

திருச்சி நண்பர் தார்ப்பாய் வாங்கிக்கொண்டு போனார். ஜெனரேட்டர் வாடகைக்குப் பிடித்தார். சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்திய பிறகு தென்னங்கன்றும் வாங்கிக் கொடுத்தார். பொங்கல் முடிந்த சமயம், குழுவில் ஒருவர் கேட்டார்: "கணக்கு எங்கே?"

கேள்வி நியாயமானதுதான். கேட்ட விதம் சரியில்லை. பின்னாலேயே இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். அவரிடம் 61,000 ரூபாய்க்குத்தான் பில் இருந்தது. ஜெனரேட்டர்காரர், வேன்காரர், கன்று விற்றவர் யாருமே சீட்டுத் தரவில்லை. அவர் ஒரு பதிலும் போடவில்லை, குழுவை விட்டு வெளியேறிவிட்டார். பிறகுதான் அந்தத் தங்கை சொன்னார்: வேன் வாடகையை அவர் தன் கைக்காசிலிருந்து கொடுத்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்கப் பலமுறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

தப்பு எங்கள் பேரில்தான். பொதுப்பணத்தை ஒருத்தருடைய சம்பளக் கணக்கில் போடச் சொன்னோம். முதல் நாளே கணக்கு கேட்டிருந்தால் அது நடைமுறை. இரண்டு மாசம் கழித்துக் கேட்டதால் அது சந்தேகமாகிவிட்டது.

இப்போது எங்கள் வழக்கம் வேறு. இரண்டு பேர் சேர்ந்து இயக்கும் தனி வங்கிக் கணக்கு. வசூல் என்றைக்கு முடியும், மிச்சப்பட்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதிப் போட்டுவிடுவோம். பில் படம் அன்றன்றைக்கே குழுவில் வந்துவிட வேண்டும். பில் தராதவரிடம் வெள்ளைத்தாளில் பேர், தொகை எழுதி ஒரு கையெழுத்து. கேட்க ஆள் இல்லாவிட்டாலும் இதெல்லாம் போட்டுத்தான் ஆகணும்.

அடிக்கடி இப்படிச் சேர்ந்து வேலை செய்பவர்கள் சங்கமாகப் பதிவு செய்துகொள்வது நல்லது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன் கீழ் குறைந்தது 7 பேர் இருந்தால் போதும். எல்லாவற்றுக்கும் நாமே வசூல் செய்யவும் வேண்டியதில்லை. முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு இணையத்திலேயே அனுப்பலாம். படித்த அரசுப் பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைத்தால், 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இருக்கிறது.

வெளிநாட்டு நண்பர்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எங்கள் குழுவில் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் ஆசையாகப் பணம் அனுப்பக் கேட்டார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரோ அந்த நாட்டுக் குடிமகன். அவரிடம் வாங்க, 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி வேண்டும். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

மோசடியும் நடக்குது, பாருங்க. உண்மையான வேண்டுகோளை எடுத்து, க்யூஆர் குறியீட்டை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். "நன்கொடை தர்றேன், பின் நம்பர் போடுங்க" என்று ஒருத்தர் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்குக் கூப்பிடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக்கு என்று தள்ளிப்போட்டால், பணம் கைமாறிப் போய்விடும்.

ரத்தம் கேட்டு வரும் தகவலும் அப்படித்தான். தேதி, மருத்துவமனை பெயர் இல்லாவிட்டால் மேலே அனுப்பாதீங்க. நோயாளி தேறி வீட்டுக்குப் போய் வருஷக்கணக்கான பிறகும் அந்த எண்ணுக்கு அழைப்பு போய்க்கொண்டிருக்கும்.

போன வருஷம் அந்தத் தங்கை ஒரு படம் அனுப்பினார். அன்றைக்கு வைத்த கன்றுகளில் பாளை வெடித்திருக்கிறது. அதைத் திருச்சி நண்பருக்கும் அனுப்பிவைத்தேன். பதில் வரவில்லை. ஆனால் நீல டிக் வந்தது.

உங்களுக்கு ஏதாவது கேட்கணும்னா, இப்போ கேளுங்க.