விருந்து மேசையில் ஒரு பிணக்கு

விருந்தோம்பலைப் பேரறமாகப் போற்றுபவர்கள் நாம். ஆயினும் அரசாங்க விருந்தில் பரிமாறப்படுவது உணவு மட்டுமன்று. மதிப்பும் அங்கே பங்கிடப்படுகிறது. யார் முதலிற் செல்வது, யார் யாருக்கு அருகே அமர்வது என்பன அற்ப விடயங்களாகத் தோன்றலாம். பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் முன்வரிசை ஆசனங்களை ஒழுங்குசெய்த எவரும் அவற்றை அற்பமென்று கூறார். அத்தகைய ஆசனப் பிணக்கொன்று இரு தேசங்களின் உறவையே கசப்பாக்கிய வரலாற்றை இன்று நோக்குவோம்.

1803ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதியாக விளங்கியவர் தோமஸ் ஜெபர்சன். மனிதர் யாவரும் சமம் என்னும் கொள்கையை 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்தில் வரைந்தவர். அவரைக் காணப் பிரித்தானியாவின் புதிய ஸ்தானிகர் அந்தோனி மெரி, உத்தியோக உடையும் உடைவாளும் தரித்துச் சென்றார். ஜெபர்சனோ சாதாரண உடையோடும் தேய்ந்த செருப்போடும் வந்து வரவேற்றார். தம் மன்னரையே அவமதித்ததாக மெரி கருதினார்.

டிசம்பர் 2ஆம் திகதி ஜனாதிபதி மாளிகையில் விருந்து நடைபெற்றது. அவ்வாண்டு மே மாதம் முதல் பிரித்தானியாவும் பிரான்சும் போரில் ஈடுபட்டிருந்தன. அவ்வாறிருந்தும் பிரெஞ்சுப் பிரதிநிதியும் அங்கே அழைக்கப்பட்டிருந்தார். உணவு ஆயத்தமானதும் ஜெபர்சன், இராஜாங்கச் செயலாளர் மடிசனின் துணைவியாரைக் கைகோத்து அழைத்துச் சென்றார். அம்மரியாதை தம் மனைவிக்கே உரியதென்று மெரி எண்ணியிருந்தார். அவர் அமர முற்பட்ட ஆசனத்தையும் காங்கிரஸ் அங்கத்தவர் ஒருவர் முந்திக்கொண்டார். சில நாட்களின் பின் மடிசன் இல்லத்து விருந்திலும் மெரியின் மனைவி துணையின்றி நிற்க, மெரியே அவரை அழைத்துச் செல்ல நேர்ந்தது.

மெரி இலண்டனுக்கு முறையிட்டார். மடிசன் அங்கிருந்த தம் நாட்டு ஸ்தானிகருக்கு நீண்ட விளக்கம் எழுதினார். மெரி தம்பதியர் ஜனாதிபதியின் விருந்துகளைத் தவிர்த்தனர். 1804இல், ஜெபர்சனோடு முரண்பட்டிருந்த உப ஜனாதிபதி ஆரன் பர், நாட்டின் மேற்குப் பகுதியைப் பிரித்துவிடும் யோசனையோடு மெரியை அணுகினார். மெரி அதற்குச் செவிசாய்த்து இலண்டனுக்கும் அறிவித்தார். அரசு உதவ முன்வரவில்லை. மனத்தாங்கல் ஒன்றே இதற்குக் காரணமென்பது மிகையாகும். ஆயினும் புண்பட்ட உள்ளத்துக்கு எதிரியின் பகைவன் நண்பனாகத் தோன்றுதல் இயல்பேயாம்.

குற்றம் யாருடையது? பதவியின் மதிப்பையும் தன் மதிப்பையும் ஒன்றெனக் கொண்டது மெரியின் பிழை. ஜெபர்சனின் சமத்துவமோ போற்றத்தக்கது; ஆனால் விருந்தில் அனைவரும் சமமென்னும் விதிகளை அவர் எழுத்தில் வகுத்தது பிணக்கு மூண்ட பின்னரே. முன்னறிவிப்பின்றிப் பழைய மரியாதையை நீக்கினால், அதை நீதியென்று விருந்தினர் எவ்வாறு அறிவார்? அவமதிப்பென்றே கொள்வார். உயர்ந்த கொள்கையும் வாயிலிலேயே இன்சொல்லோடு எடுத்துரைக்கப்படல் வேண்டும். சமத்துவத்தை நிலைநாட்ட விரும்புவோர், எவரையும் தாழ்த்தாது அதனைச் செய்யும் வழியையும் கற்றல் வேண்டும்.