ஓடுபாதை ஏன் சிறிதாகத் தெரிகிறது?

நம் குடியிருப்பில் கணினியில் விமானம் ஓட்டும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். நாளை நிஜமான விமானிப் பயிற்சிக்குப் போகும் எண்ணமும் அவர்களில் சிலருக்கு உண்டு. அவர்களுக்காக ஒரே ஓர் எண்ணைப் பற்றிப் பேசுகிறேன்.

எக்ஸ்-பிளேன் போன்ற சிமுலேட்டரில் பார்வைக் கோணம் என்று ஓர் அமைப்பு உண்டு. உங்கள் திரையை ஒரு ஜன்னலாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே எவ்வளவு தெரியும் என்பது ஜன்னலின் அகலத்தையும் நீங்கள் உட்காரும் தூரத்தையும் பொறுத்தது. டேப்பால் அளந்து, திரை அகலத்தில் பாதியைக் கண்ணிலிருந்து திரைக்குள்ள தூரத்தால் வகுங்கள். கால்குலேட்டரில் டேன் இன்வர்ஸ் அழுத்தி, வருவதை இரண்டால் பெருக்குங்கள். 27 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 60 செ.மீ. அதே 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் 53 டிகிரி. பி.காம். படித்த எனக்கே வருகிறது!

மீட்டர்கள் எல்லாம் தெரியட்டும் என்று 90 வைத்தால், எதிரே ஓடுபாதை பாதியாகச் சுருங்கி, இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். இறங்கும்போது மூக்கை எப்போது தூக்குவது என்பதைக் கண் தவறாகப் பழகிக்கொள்ளும். நிஜ செஸ்னாவில் அதைத் திருத்த மணிக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டும்.

53-இல் சில மீட்டர்கள் மறையும் என்பது உண்மைதான். மானிட்டரை 45 செ.மீ. தூரத்துக்கு இழுத்தால் 67 டிகிரி கிடைக்கும். அதுவும் போதாதென்றால், பறக்கும்போது அகலமாக வைத்து, இறங்கும்போது மட்டும் சரியான கோணத்துக்கு மாற்றுங்கள்.

பிள்ளை மூன்று மானிட்டர் கேட்டால், முதலில் டேப்பைக் கையில் கொடுங்கள்.